கிளினிக்கையும் பாமசியையும் மக்களிடம் கொண்டுபோவது: கொழும்பில் சிறிய அளவில் நடத்துபவர்களுக்கான முழு வழிகாட்டி

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் கிளினிக், பாமசி, ஆய்வுகூடம் நடத்தும் பலருக்குப் பல வருடங்களாக விளம்பர வேலை செய்து கொடுத்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கடைசியாகச் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்துவிடுகிறார்கள். பேஸ்புக் விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, பிறகுதான் போனை யார் எடுப்பது என்று யோசிக்கிறார்கள்.

துணிக்கடை விளம்பரத்தில் பிழை வந்தால் ஒரு சட்டை விற்காமல் போகும். மருத்துவத்தில் பிழை வந்தால் ஒருவர் தவறான நேரத்தில் தவறான பரிசோதனைக்கு வந்து நிற்பார், அல்லது வர வேண்டிய நேரத்தில் வராமல் இருப்பார். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கோப்பைத் திறவுங்கள்

ஒரு கோப்பை வாங்கி இவற்றின் பிரதிகளைப் போடுங்கள்: நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ், அங்கு பார்க்கும் ஒவ்வொரு டொக்டரின் பதிவிலக்கம், பாமசி இருந்தால் அதன் அனுமதிப்பத்திரமும் மருந்தாளரின் பதிவும், பெயர்ப்பலகைக்கு மாநகர சபையில் எடுத்த அனுமதி.

தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். இதைக் கவனிப்பது தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை. பாமசிக்கு அனுமதி கொடுப்பது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, அது 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. டொக்டர்களையும் மருந்தாளர்களையும் பதிவு செய்வது இலங்கை மருத்துவ சபை. ஆயுர்வேத, சித்த வைத்தியம் என்றால் பாதை வேறு. அதற்கு 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது.

விளம்பரத்துக்கு முன்னால் இது எதற்கு? விளம்பரம் போட்டவுடன் நான்கு பேர் உங்களைத் தேடிப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் போட்டிக்காரராகவும் இருப்பார். காலாவதியான சான்றிதழைச் சுவரில் தொங்கவிட்டுக்கொண்டு விளம்பரம் போட்டால், முறைப்பாட்டுக்கு நீங்களே விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்ட பிறகு, பாமசியில் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் திகதியும் பதிவும் கேட்பவர்களை நான் அதிகம் காண்கிறேன். கேட்பது அவர்களுடைய உரிமை. பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பொதுவாக வரும் பிழை: வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வரும் விசேட வைத்திய நிபுணரின் பெயரை, அவர் வருவதை நிறுத்தி ஆறு மாதமாகியும் பலகையில் வைத்திருப்பது. அவர் பெயரைப் பார்த்து வந்தவருக்கு அது ஏமாற்று.

2. ஒரு முழு நாள் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்

காலை திறப்பதிலிருந்து இரவு பூட்டும் வரை இருங்கள். ஒரு கொப்பியில் இரண்டே பத்திகள் போடுங்கள்: வந்தவர் என்ன கேட்டார், அவருக்கு என்ன பதில் கிடைத்தது. போன் அழைப்புகளையும் எழுதுங்கள். எத்தனை தரம் மணியடித்த பிறகு எடுத்தார்கள் என்பதையும் குறியுங்கள்.

இதைச் செய்யாமல் எழுதும் விளம்பரம் எல்லாம் உரிமையாளர் சொல்ல ஆசைப்படுவதாகவே இருக்கும். "நவீன வசதிகள்", "கனிவான சேவை" என்று எழுதுவார். கொப்பியில் இருப்பதோ வேறு: "டொக்டர் எத்தனை மணிக்கு வருவார்?", "ரிப்போர்ட் இன்றைக்கே கிடைக்குமா?", "மொத்தம் எவ்வளவு முடியும்?", "அம்மாவுக்குப் படி ஏற ஏலாது, லிஃப்ட் இருக்கா?" உங்கள் விளம்பரத்தின் வாசகங்கள் இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான். வேறு எங்கும் தேட வேண்டாம்.

இந்த நாளில் இன்னொன்றும் தெரியவரும். தமிழில் விளம்பரம் போடுகிறோம், ஆனால் போனை எடுக்கும் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஒரு ஆய்வுகூடத்துக்கு நானே இந்தப் பிழையை விட்டேன். விளம்பரம் நன்றாகப் போனது, அழைப்புகள் குவிந்தன. எடுத்த பிள்ளை தமிழைக் கேட்டதும் தடுமாறி "ஒன் மினிட்" என்று போனை வைத்துவிட்டு ஆள் தேடப் போனாள். திரும்பி வரும்போது பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். அவள் மேல் பிழையே இல்லை. அவளை அந்த நிலையில் நிறுத்தியது நான்.

பிறகு ஒரு மட்டையில் எட்டு வசனங்கள் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். வசனம் தமிழ், எழுத்து சிங்களம். "வணக்கம், சொல்லுங்கோ." "எந்தப் பரிசோதனை?" "காலமை ஏழு மணிக்கு வாங்கோ, சாப்பிடாமல் வர வேணும்." "கொஞ்சம் பொறுங்கோ, தமிழ் தெரிஞ்சவரிட்டக் குடுக்கிறன்." இரண்டு கிழமையில் அவள் மட்டையைப் பார்க்காமலே பேசினாள். வயதானவர்கள் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டு வரத் தொடங்கினார்கள். செலவு ஒரு மட்டையும் ஒரு பேனையும்.

3. யாருக்குச் சொல்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

"எல்லோருக்கும்" என்பது பதில் இல்லை. கொழும்பில் தமிழ் பேசுபவர்கள் குறைந்தது மூன்று விதமாக வருகிறார்கள்.

முதலாவது, பக்கத்திலேயே இருப்பவர்கள். வெள்ளவத்தையில் மாடி வீடுகளில் தனியாக இருக்கும் பெற்றோர், பிள்ளைகள் வெளிநாட்டில். இங்கே முடிவெடுப்பவர் பெரும்பாலும் டொரொண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மகள். அவளுக்குத் தேவை வட்ஸ்அப்பில் பதில், கட்டண விபரம், வீட்டுக்கு வந்து இரத்தம் எடுக்கும் வசதி. ரிப்போர்ட்டைத் தனக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்பாள். அதற்குத் தாயின் சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, மலையகத்திலிருந்து நிபுணரைச் சனல் பண்ண, அதாவது முன்பதிவு செய்து பார்க்க, வருபவர்கள். இரவு பஸ்ஸில் ஏறி விடியவே இறங்கிவிடுவார்கள். அன்றிரவே திரும்ப வேண்டும். இவர்களுக்கு உங்கள் கட்டடத்தின் அழகு பொருட்டில்லை. "விடிய ஆறரைக்குத் திறப்போம், முகம் கழுவ இடம் உண்டு, இந்த இந்த ரிப்போர்ட் பின்னேரம் மூன்றுக்கு முன் கையில்" என்ற மூன்று தகவல் போதும். ஆனால் மூன்று மணி என்று எழுதினால் மூன்று மணிக்குக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் முடியாத பரிசோதனைகளின் பெயரை அதே துண்டுப்பிரசுரத்தில் தனியாக எழுதுங்கள்.

மூன்றாவது, புறக்கோட்டை, ஆமர் வீதி, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு நேரம் இரவு ஏழுக்குப் பிறகுதான்.

இதில் ஒரு கூட்டத்தைத் தெரிவு செய்து, மூன்று மாதம் அவர்களுக்கு மட்டும் பேசுங்கள். சிறிய இடத்தின் பணத்துக்கு மூன்று பக்கமும் ஓட முடியாது.

4. சொல்லக் கூடாதவற்றை முதலில் வெட்டுங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு விலக்குப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். எழுதி அச்சடித்த பிறகு வெட்டுவது கடினம். உரிமையாளருக்கு அந்த வசனத்தில் ஆசை வந்துவிடும்.

"நூறு வீதம் குணம்", "பக்கவிளைவே இல்லை", "கொழும்பின் முதல் தர டொக்டர்" ஆகிய மூன்றும் வேண்டாம். எந்தச் சிகிச்சைக்கும் நூறு வீதம் என்று சொல்ல முடியாது. நம்பி வந்தவருக்குக் குணமாகாதபோது அந்தத் துண்டுப்பிரசுரமே உங்களுக்கு எதிரான சாட்சி. டொக்டர் தன்னைத் தானே புகழ்ந்து ஆள் சேர்ப்பதை மருத்துவ ஒழுக்கம் ஏற்பதில்லை. பெயர், தகைமை, பதிவிலக்கம், நாள், நேரம், இவ்வளவும் போதும். உண்மையில் நோயாளருக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

மருந்தைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய மருந்துகள் அதிகாரசபையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்க முடியாத மருந்தின் படத்தை "புதிய ஸ்டொக் வந்துவிட்டது" என்று பாமசியின் பேஸ்புக் பக்கத்தில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் விளம்பரம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பயந்திருக்கும் தாய் அதைப் பார்த்து அன்டிபயோட்டிக் கேட்டு வந்து நிற்பாள். அவளைத் திருப்பி அனுப்பும் சங்கடம் உங்கள் மருந்தாளருக்கு.

சுவரையும் பாருங்கள். மருந்துக் கம்பனியின் கலண்டர், கம்பனிப் பெயர் போட்ட மணிக்கூடு, மெடிக்கல் ரெப் கொடுத்த பேனைத் தாங்கி. டொக்டர் அந்தக் கம்பனியின் மருந்தை எழுதும்போது, எதிரே இருப்பவர் கலண்டரையும் துண்டையும் மாறி மாறிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். வெளியே போய்ச் சொல்வார். கழற்றிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1988 இலேயே மருந்து விளம்பரத்துக்கான ஒழுக்க நெறிகளை வெளியிட்டது. டொக்டர் எழுதும் மருந்தைப் பரிசு தீர்மானிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. பாமசியில் ஒரு அறிவித்தல் வைக்கலாம்: "இதே மருந்து பொதுப் பெயரில் (ஜெனரிக்) குறைந்த விலையில் உண்டா என்று எங்களிடம் கேளுங்கள்." எந்தக் கலண்டரையும் விட இது உங்கள் பெயரைக் காப்பாற்றும்.

5. தமிழைச் சரியாக எழுதுங்கள்

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். கொழும்பில் தமிழ்ப் பலகைகள் பிழையோடு தொங்குவதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது. மருத்துவத்தில் அதற்குப் பழகக் கூடாது.

ஒரு தடவை அச்சுக்குத் தயாரான துண்டுப்பிரசுரம் ஒன்று என்னிடம் வந்தது. "உண்ணாவிரத இரத்தப் பரிசோதனை" என்று இருந்தது. யாரோ ஆங்கிலத்தைக் கணினியில் போட்டு எடுத்த தமிழ். உண்ணாவிரதம் என்றால் எங்கள் சனத்துக்குப் பந்தலும் பதாகையும்தான் ஞாபகத்துக்கு வரும். "வெறும் வயிற்றில் செய்யும் சீனிப் பரிசோதனை" என்று மாற்றினோம். அதுவும் போதவில்லை. மேசையில் உட்கார்ந்து கேட்டபோது தெரிந்தது, பலர் காலையில் பிளேன்டீ குடித்துவிட்டு வருகிறார்கள். பாலும் இல்லை, சாப்பாடும் இல்லை, அது வெறும் வயிறுதானே என்று நினைப்பு. கடைசியில் இப்படி எழுதினோம்: "முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம். தேத்தண்ணி, பிளேன்டீ, கோப்பி எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் குடிக்கலாம். வழமையாக எடுக்கும் மருந்து பற்றி டொக்டரிடம் முன்பே கேளுங்கள்." திரும்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

இந்தியாவில் வடிவமைத்த மாதிரியை அப்படியே எடுக்காதீர்கள். "மருத்துவர்", "செவிலியர்", "சர்க்கரை நோய்" என்பவை பிழையில்லை. ஆனால் இங்கே மக்கள் வாயில் இருப்பது டொக்டர், தாதி, சீனி வருத்தம். சக்கரை என்றால் எங்களுக்குப் பொங்கலில் போடுவது. மறுபக்கம், "வைத்தியர்" என்றால் தமிழ்நாட்டில் நாட்டு வைத்தியரைத்தான் நினைப்பார்கள். இங்கே அது எல்லா டொக்டருக்கும் உரிய எழுத்து வழக்கு. பலகையில் "வைத்தியர்" என்றும், பேச்சாக எழுதும் பதிவில் "டொக்டர்" என்றும் போடுங்கள், ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

அப்புறம் எழுத்துரு. அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அதை அப்படியே அச்சடித்துவிடுவார். இப்போது போனிலும் கணினியிலும் பொதுவாகப் பாவிக்கும் யுனிகோடில் கொடுத்தால் வேறு தொல்லை. பழைய வடிவமைப்பு மென்பொருள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். "கொழும்பு" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் புள்ளி வட்டம் ஒன்றும் நிற்கும். மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். அது ஏலாது என்றால் எழுத்தைப் படமாக்கி எடுங்கள்.

சரி பார்ப்பது திரையில் அல்ல, தாளில். ஒரு பிரதி எடுத்து, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, எங்கே கண்ணாடியைச் சரி செய்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்துங்கள். அவரிடம் "விளங்குதா அம்மா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஓம் என்பார்கள். "நாளைக்கு நீங்கள் வாறதெண்டா என்ன செய்வீங்கள்?" என்று கேளுங்கள்.

6. பலகையும் கூகுள் வரைபடமும்

காலி வீதியில் ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்கக்கூடிய அளவில் பெயர், மூன்று மொழியிலும். மற்ற விபரம் எல்லாம் வாசல் கதவில்.

கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தை நீங்களே பதிவு செய்து எடுங்கள். நேரத்தை ஒவ்வொரு மாதமும் சரி செய்யுங்கள், குறிப்பாகப் போயா தினங்களை. வரைபடத்தில் "திறந்திருக்கிறது" என்று பார்த்து, காய்ச்சல் பிள்ளையோடு ஆட்டோவில் வந்து பூட்டிய கதவைப் பார்ப்பவர் உங்களை மறக்க மாட்டார். பூட்டியிருக்கும்போது வாசலில் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலக்கம் பெரிதாக இருக்கட்டும். அது இலவச சேவை என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

7. பேஸ்புக், வட்ஸ்அப்

கிழமைக்கு ஒரு பதிவு போதும். ஆனால் பருவம் பார்த்துப் போடுங்கள். கொழும்பில் டெங்கு தென்மேல் பருவமழையோடு ஒரு தரமும், வருடக் கடைசி மழையோடு இன்னொரு தரமும் கூடும். மழை தொடங்கும்போதே பதிவு தயாராக இருக்க வேண்டும்: காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும், அளவோடு, அஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம், மூன்றாம் நாளாவது கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள், காய்ச்சல் விட்டதும் ஆபத்து விட்டதென்று நினைக்க வேண்டாம். கடைசி வரி மிக முக்கியம், டெங்குவில் சிக்கல் தொடங்குவது பலருக்குக் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான்.

இந்தப் பதிவின் கீழ் உங்கள் பரிசோதனைக் கட்டணத்தைப் போடாதீர்கள். பயத்தைக் காட்டி விற்கிற மாதிரி ஆகிவிடும். பெயரும் இலக்கமும் மட்டும் இருக்கட்டும். நோன்பு மாதத்துக்கு முன் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, "மருந்து நேரத்தை மாற்ற முதலில் டொக்டரைப் பாருங்கள்" என்று ஒரு பதிவு போடுங்கள்.

ஒவ்வொரு மருத்துவப் பதிவையும் வெளியிடும் முன் டொக்டர் ஒருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். வட்ஸ்அப்பில் "சரி" என்று வரும் பதில் போதாது. அவசரத்தில் படிக்காமலே அனுப்புவார்கள்.

8. படம் எடுக்கும் முன் சம்மதம்

காத்திருக்கும் அறையைப் படமெடுத்துப் போடாதீர்கள். அங்கே இருப்பவர் ஏன் வந்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. வெள்ளவத்தை சிறிய இடம், முதுகைப் பார்த்தே ஆளை அடையாளம் காண்பார்கள். 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட கவனத்துக்குரியதாகவே வைக்கிறது.

நோயாளர் தானாக நன்றி சொல்லி வீடியோ தந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்கி, எப்போது கேட்டாலும் நீக்குவோம் என்று அதிலேயே எழுதுங்கள். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்ற சோடிப் படங்களை நான் போடுவதே இல்லை. ஒருவருக்குக் கிடைத்த பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்று அது சொல்லாமல் சொல்லும்.

9. முறைப்பாடு வரும்போது

வரும். வருவதற்கு முன்பே யார் பதில் சொல்வது என்று ஒருவரை நியமியுங்கள். கோபத்தில் உரிமையாளரே இரவு பதினொரு மணிக்கு எழுதிய பதில்கள்தான் நான் கண்ட எல்லாச் சேதத்திலும் பெரியவை.

உதாரணமாக ஒருவர் பொதுவில் எழுதுகிறார்: "மூன்று மணித்தியாலம் காக்க வைத்தார்கள், ரிப்போர்ட்டும் பிழை." உடனே வரும் ஆசை, "நீங்கள் சீனிப் பரிசோதனைக்கு வந்தபோது சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள்" என்று உண்மையைச் சொல்வது. சொல்லாதீர்கள். அது உண்மையாக இருந்தாலும், அவர் என்ன பரிசோதனைக்கு வந்தார் என்பதை நீங்கள் ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள். அவர் வந்தார் என்பதை உறுதிப்படுத்துவதே கூடாது.

இப்படி எழுதுங்கள்: "நீங்கள் எழுதியதை வாசித்தோம். மன வருத்தத்துக்கு மன்னிக்கவும். விபரங்களைப் பொதுவில் பேச முடியாது. இந்த இலக்கத்தில் இன்றே பேசுங்கள், பொறுப்பானவர் எடுப்பார்." பிறகு உண்மையிலேயே பொறுப்பானவர் எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் பிழை என்றால் மாதிரியைத் திரும்ப எடுத்து, கட்டணம் இல்லாமல் செய்து, பிழையான ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டருக்கும் அறிவியுங்கள். கடைசியில் சொன்னதை நிறையப் பேர் மறக்கிறார்கள். ரிப்போர்ட்டில் இருந்த பிழையான அளவை வைத்து ஏற்கனவே மருந்து மாறியிருக்கலாம்.

அவர் திருப்தியடையாவிட்டால், தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையிலும், விலை சம்பந்தமானது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் முறையிடலாம் என்று நீங்களே சொல்லுங்கள். இதைச் சொல்லப் பயப்படுகிறவர்கள் பலர். சொன்ன இடங்களில் முறைப்பாடு கூடியதை நான் காணவில்லை. கோபம் தணிந்ததைத்தான் கண்டேன்.

கருத்தை அழிக்க வேண்டாம். ஆட்களைப் பிடித்து ஐந்து நட்சத்திரம் போடவும் வேண்டாம். ஒரே இரவில் வந்த இருபது பாராட்டை யாரும் நம்புவதில்லை.

10. இப்போது பணம் கொடுத்து விளம்பரம்

மேலே உள்ளவை முடிந்த பிறகுதான் இது. முதலில் ஒரே ஒரு தகவல், ஒரே ஒரு பகுதி, இரண்டு கிழமை. வெள்ளவத்தையிலிருந்து சில கிலோமீற்றர் சுற்றளவுக்குப் பேஸ்புக்கில் போடலாம். வயதானவர்களுக்கு ஞாயிறு வீரகேசரி, தினக்குரல் இன்னமும் கைக்கு வருகிறது. மாடி வீடுகளின் காவலாளி மேசையில் வைக்கும் துண்டுப்பிரசுரமும் வேலை செய்யும், குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

வரவேற்பு மேசைக் கொப்பியில் மூன்றாவது பத்தி ஒன்று போடுங்கள்: "எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?" வருகிறவர் ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு சொல்லில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கிழமை கழித்து எண்ணுங்கள். "பக்கத்து வீட்டு அன்ரி சொன்னவ" என்ற வரி, பணம் கட்டிய விளம்பரத்தை விடக் கூட இருந்தால், அடுத்த மாதத்துப் பணத்தில் பாதியை விளம்பரத்திலிருந்து எடுத்து, விடிய ஆறரைக்குக் கதவு திறக்க இன்னொரு ஆளை வையுங்கள்.